மேருவுக்குத் தென்பக்கம்

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு ஒரு ஸ்தலம் எதற்கு என்னும் கேள்வி நம் சமயவாதிகளுக்குப் புதிதன்று. சர்வ வியாபகமானது என்று வாயாரச் சொல்லிவிட்டு, அடுத்த கணமே இன்ன ஊரில், இன்ன ஆற்றங்கரையில், இன்ன மரத்து நிழலில் அது எழுந்தருளியிருக்கிறது என்று வழியும் சொல்லுவது முரண் அல்லவா என்று நாஸ்திகர் எள்ளுவர். முரணே இல்லை என்று ஆஸ்திகர் சாதிப்பர். இவ்விரு சாராரும் எட்டிப் பாராத ஓர் இடத்தில், அதாவது கணிப்பொறி நிரல் எழுதுவோருக்கென்று கருவிகள் செய்கிறவர்களின் அன்றாடத் தொல்லைகளுக்கு நடுவே, இதே கேள்வி வேறு வேடத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதை, ஈப்போவில் அத்தொழில் செய்யும் என் தமக்கை மகன் வாயிலாக அறிந்தபோது, பழைய விசாரத்தை மறுபடி தொடங்க அதுவே நல்ல நிமித்தம் என்று எனக்குத் தோன்றிற்று.

விஷயம் இதுதான். ஒரு கோப்பு நம் சொந்தக் கணிப்பொறிக்குள் எங்கே கிடக்கிறது என்று சொல்லுவது பாதை. ஒரு பக்கம் உலக வலையில் எங்கே கிடைக்கும் என்று சொல்லுவது முகவரி. பார்வைக்கு இரண்டும் ஒரே ஜாதி. பெயர்களின் வரிசை, நடுநடுவே சாய்கோடு. ஆனால் பல இயங்குதளங்களிலும் ஓட வேண்டிய கருவியைச் செய்கிறவன் இவ்விரண்டையும் ஒன்றென்று நம்பி ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால், தன் மேசையில் செவ்வையாக ஓடிய கருவி அடுத்தவர் மேசையில் நொண்டுவதைக் காண்பான்.

இதன் மூலம் பழையது. யூனிக்ஸ் வழிவந்த தளங்களில் பாதைகள் யாவும் ‘வேர்’ எனப்படும் ஒரே மூலத்திலிருந்து கிளைக்கின்றன. விண்டோஸில் அப்படி ஏக மூலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வட்டுக்கு ஓர் எழுத்தாக ஏ, பி, சி என்று வழங்கும் வழக்கம் சிபி-எம் என்னும் முந்திய தளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. 1981-இல் வெளிவந்த முதல் டாஸில் அடைவுகளே இல்லை. சாய்கோட்டைக் கட்டளைகளின் விருப்பக்குறியாகச் செலவழித்துவிட்டார்கள். 1983-இல் இரண்டாம் பதிப்பில் அடைவுகள் வந்தபோது அக்குறி கைவசம் இல்லாமையால், எதிர்ப்புறம் சாயும் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். ஏதோ ஓர் அவசரத்தில் செய்த சிறு ஏற்பாடு நாற்பது ஆண்டுகளாக உலகத்து நிரலாளர் அனைவர் தலையிலும் விதியாக அமர்ந்திருக்கிறது. 1994 டிசம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீ முதலானோர் வலை முகவரிக்கு இலக்கணம் வகுத்தபோது யூனிக்ஸின் சாய்கோட்டையே கொண்டார்கள். முகவரியின் தலையில் நெறிமுறையின் பெயர் நிற்க வேண்டும், அதன்பின் முக்காற்புள்ளி வர வேண்டும் என்பது அவ்விலக்கணம். விண்டோஸ் பாதையின் தலையிலோ ‘சி’ என்னும் ஓரெழுத்தும் அதன்பின் அதே முக்காற்புள்ளியும் நிற்கின்றன. ஆகவே முகவரியைப் பகுக்கும் நிரலுக்கு அப்பாதையைக் கொடுத்தால், ‘சி’ என்பது ஒரு நெறிமுறை போலும் என்று கொண்டு, சிறிதும் தயங்காமல் மேலே செல்கிறது. வட்டின் பெயர் வாகனத்தின் பெயராகிவிடுகிறது.

பாதையின் முன்னால் ‘கோப்பு’ நெறிமுறையின் பெயரை ஒட்டிவிட்டால் முகவரியாகிவிடும் என்று எண்ணுவது இதைவிடப் பெரிய அசட்டுத்தனம். கோப்புப் பெயரில் இடைவெளி வரலாம், கட்டக்குறி வரலாம், விழுக்காட்டுக் குறியும் வரலாம். முகவரியிலோ கட்டக்குறி வந்த இடத்தோடு வழி முடிந்து, பக்கத்தின் உட்பகுதி தொடங்குகிறது. சி-ஷார்ப் மொழியின் பெயரையே அடைவுக்கு இட்டு, அதில் தன் வேலைகளையெல்லாம் போட்டு வைத்திருக்கும் ஒருவனுடைய பாதையை இப்படி ஒட்டினால், ஷார்ப்புக்கு முன்னேயே உலகம் முடிந்துவிடும். இதற்கென்றே நோட் முதலிய தளங்களில் பாதையை முகவரியாக்கவும் முகவரியைப் பாதையாக்கவும் தனித்தனிச் செயற்கூறுகள் இருக்கின்றன. இருந்தும் எழுத்துச் சரங்களைக் கையால் ஒட்டுகிறவர்கள் குறையவில்லை.

தமிழனுக்கு இதில் தனிப்பட்ட ஒரு தொல்லையும் உண்டு. ‘ஈப்போ’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டோமானால், யூனிகோடில் அதன் கடைசி எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை இல்லை. வலை முகவரிக்குள் அப்பெயரைப் புகுத்தும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்றெழுத்தாகி விரிவதால், ஒன்று 45 எழுத்தாகும், மற்றொன்று 54 எழுத்தாகும். மேக் கணிப்பொறியின் பழைய கோப்பு முறை பிரித்தே வைத்தது. லினக்ஸ் கொடுத்தபடி வைக்கும். ஒரே அடைவில் ஈப்போ இரண்டு அருகருகே நிற்பதற்கும் அங்கே தடை இல்லை. எது மெய்யான ஈப்போ?

இந்தக் கேள்வி மீமாம்சகர் சபைக்கும் நையாயிகர் சபைக்கும் போக வேண்டியது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் இயற்கையானது, உடன்பிறந்தது, ஒருவரால் ஏற்படுத்தப்பட்டதன்று என்பர் மீமாம்சகர். அது சங்கேதம், இச்சொல்லால் இப்பொருள் உணரப்படுக என்ற ஏற்பாட்டால் வந்தது என்பர் நையாயிகர். முகவரியைப் பொறுத்தவரை நியாயத்தின் பக்கமே நியாயம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1983-இல் கோடு எப்பக்கம் சாய்ந்தது என்பதைப் பார்த்த பின்னும் இயற்கைச் சம்பந்தம் பேசுகிறவருக்கு மிகுந்த துணிவு வேண்டும். ஆனால் ஏற்பட்டுவிட்ட சங்கேதத்தை நித்தியம் போலவே பாவித்து நடந்தால்தான் உலக விவகாரம் நடைபெறும் என்பதால், வாதத்தில் தோற்ற மீமாம்சகர் வாழ்க்கையில் தோற்பதில்லை.

இனிக் கோயிலுக்குள் செல்லுவோம். குருக்கள் சங்கல்பம் செய்து வைக்கும்போது கூர்ந்து கேட்டால், பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பரார்த்தம், சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், கலியுகத்தின் முதற்பாதம் என்று காலத்தையும், ஜம்புத்வீபம், பாரத வருஷம், பரத கண்டம், மேருவின் தென்பக்கம் என்று தேசத்தையும் மூலத்திலிருந்து படிப்படியாக இறக்கி, அறுபது ஆண்டுச் சக்கரத்தில் இன்ன வருஷம், இன்ன அயனம், இன்ன ருது, மாதம், பட்சம், திதி என்று குறுக்கி, முடிவில் இன்ன கோத்திரத்து, இன்ன நட்சத்திரத்து, இன்ன பெயருடையவர் என்று அர்ச்சனைத் தட்டோடு எதிரே நிற்கிற ஒருவரிடம் கொண்டுவந்து நிறுத்துவதை உணரலாம். நிரலாளர் வேரிலிருந்து தொடங்கும் முழுப்பாதை என்று சொல்லுவதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இருக்க முடியாது. எங்கும் உள்ள இறைவனுக்கு இத்தனை நீண்ட முகவரி வேண்டியதில்லை. அவனைத் தேடி நிற்கிறவன் தான் எங்கே நிற்கிறான் என்று சொல்லிக்கொள்வதற்கே அது வேண்டியிருக்கிறது. கோத்திரம் அறியாதவருக்குச் சிவ கோத்திரம் என்று சொல்லிவிடும் வழக்கமும் உண்டு. விட்டுப்போன இடத்தை நிரப்ப முன்கூட்டியே வைத்திருக்கும் மதிப்பு என்று என் மருமகன் சிரித்தான். “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளும் கிழவிகளோ, தற்போது நிற்கும் அடைவையே ஒரு புள்ளியால் குறிக்கும் யூனிக்ஸ்காரரின் சிக்கனத்தை அவருக்கு முன்பே கண்டவர்கள்.

ஆனால் இப்பாதையை ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் நின்று சொல்லும்போது நடுவே ஒரு கண்ணி அறுகிறது. கடல் தாண்டி வந்து நிற்கும் இடத்தைப் பரத கண்டம் என்று சொல்லலாமா? சரி, மேருவின் தென்பக்கமாவது நிற்குமா என்று பார்த்தால், அது வேடிக்கையாக நிற்கிறது. ஈப்போ நகரத்துக்கு வடக்கே, அமான்ஜெயா பேருந்து நிலையம் இருக்குமிடத்துக்குப் பண்டார் மேரு ராயா என்றே பெயர். தமிழர் மிகுந்து வாழும் புந்தோங்கிலிருந்து ஒருவர் எழுந்து நின்று தாம் மேருவுக்குத் தெற்கே இருப்பதாகச் சொன்னால், வரைபடம் அவரை மறுக்காது. சொல் அப்படியே இருக்க, வேர் மட்டும் மாறிவிட்டது. பிரபஞ்சத்தின் அச்சாகிய பொன்மலை போய்ப் பேருந்துகள் புறப்படும் மேடை வந்திருக்கிறது. கிடைக்காத பாதையால் வரும் துன்பம் சிறியது, ஏனெனில் கருவி உடனே பிழை என்று கூவிவிடும். கிடைக்கும் பாதை, ஆனால் வேறொரு வேரிலிருந்து கிடைக்கும் பாதைதான் ஓசையின்றி ஆளைக் கவிழ்ப்பது.

அப்படியானால் முழுப்பாதை என்பதே ஓர் உபசார வழக்கு. ஒரு கணிப்பொறியின் வேர் அக்கணிப்பொறிக்குத்தான் வேர். வலை முகவரி அனைவருக்கும் பொது என்பது உண்மையே. ஆயினும் அதுவும் பதின்மூன்று பெயர்களில் இயங்கும் வேர்ச் சேவையகங்களை எல்லோரும் ஏற்றிருக்கிறோம் என்ற இசைவின் மேல்தான் நிற்கிறது. அந்த வேரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் தமிழ் எழுத்தில் பெயர் உண்டு. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் உண்டு, தமிழில் இல்லை. கிழக்கு, மேற்கு என்பன திக்கு என்னும் ஒரே திரவியத்தில் உபாதியால் தோன்றும் பேதங்களே என்று வைசேஷிகர் சொன்னதை நினைத்தால், எல்லா முகவரியும் அத்தகைய உபாதியே எனலாம். முகவரி பொருளின் குணம் அன்று. தேடுகிறவனுக்கும் தேடப்படுவதற்கும் இடையே உள்ள ஒரு சம்பந்தம் அது. அந்தச் சம்பந்தத்தை யாரேனும் காத்து வந்தாலொழிய அது நிலைப்பதில்லை.

இதைப் பேராக்கின் தோட்டங்களைப்போல் கற்பித்த பள்ளி வேறில்லை. கோலாகங்சாரில் 1877-இல் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் காடு காடாகப் பெருகிய பின், அக்காடுகளுக்குள் கொண்டுவரப்பட்ட நம்மவர்க்கு வெளியுலகம் அறிந்த முகவரி தோட்டத்தின் பெயரும் தபால் வந்து சேரும் ஊரின் பெயருமே. உள்ளேயோ எல்லாம் சார்புப் பாதை: மேட்டு லயம், பள்ளத்து லயம், ஆபீசுக்குப் பின்னால், ஆயாக் கொட்டகைக்கு எதிரே, இன்னார் பால் வெட்டும் நிரைக்கு அடுத்த நிரை. அந்த வேருக்குள் நிற்கும்வரை இதைவிடத் தெளிவான முகவரி கிடையாது. வேரே பெயர்ந்தால்? 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. 1950-க்குப் பின் லயங்களைச் சேர்த்து முள்வேலிக்குள் அடைத்தபோது, மேட்டு லயத்தார் மேட்டில் இல்லை. பின்னர்த் தோட்டங்களையே துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். அத்துண்டாடலைத் தடுக்கத் தொழிலாளரின் பங்குப் பணத்தைக்கொண்டே தோட்டங்களை வாங்குவது என்று, அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதைப் பொருளாதார முயற்சி என்றே வரலாறு எழுதுகிறது. ஒரு ஜனசமூகம் தன் முகவரியின் வேரை விலைக்கு வாங்கிக்கொள்ளப் பார்த்த முயற்சி என்று எழுதினாலும் தவறாகாது.

எல்லாவற்றையும் வாங்க முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. ஊர்களின் பெயரும் நிலையாக நிற்கவில்லை. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆயிற்று. ஆயினும் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் தோட்டம் என்ற சொல்லைப் பெயரிலிருந்து இறக்கவில்லை. சுற்றிலும் ஒரு பால்மரம்கூட இல்லாத இடத்தில் இன்ன தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பலகை தொங்குவதைப் பார்த்து நகைப்பவர், பெயர் வேறு இடம் வேறு என்பதை அறியாதவர். வலையுலகில் இடத்தைச் சொல்லும் முகவரியோடு, இடம் மாறினாலும் மாறாத தனிப்பெயர் ஒன்றும் வேண்டும் என்று கருதி 1997-இல் அதற்கும் இலக்கணம் வகுத்தார்கள். அது பெரிதாகப் பரவவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு பெர்னர்ஸ்-லீ எழுதிய சிறு கட்டுரை ஒன்று, முகவரி மாறுவதற்குத் தொழில்நுட்பம் காரணமன்று, அதை வைத்திருப்பவர் மாற்றுவதுதான் காரணம் என்று வாதிட்டது. நம் தோட்டத்துப் பள்ளிக்காரர்கள் அக்கட்டுரையைப் படித்தவர்கள் அல்லர். அதன் கருத்தை நடத்திக் காட்டியவர்கள்.

கோயில் பெயர்வதற்கு ஆகமத்தில் முறையே இருக்கிறது. திருப்பணிக் காலத்தில் மூலமூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் தற்காலிகமாக எழுந்தருளச் செய்து, பணி முடிந்தபின் மீண்டும் மூலஸ்தானத்துக்குக் கொண்டு சேர்ப்பார்கள். சேவையகமும் ‘தற்காலிகமாக அங்கே போ, பழைய முகவரியை மறவாதே’ என்று ஒரு விடையும், ‘இனி நிரந்தரமாக அங்கேயே’ என்று வேறொரு விடையும் தர வேண்டும் என்பது வலையின் விதி. தற்காலிகம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நிரந்தரம் என்று சொல்லிவிட்டால் உலாவிகள் அதை மனத்தில் பதித்துக்கொண்டு, திரும்பி வந்த பின்னும் பழைய வாசலுக்கு வர மறுக்கும். ஆண்டுக் கணக்கில் பாலாலயத்திலேயே நின்றுவிட்ட தெய்வங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதன்று.

இதைவிட நுட்பமானது பிடிமண். சொந்த ஊரின் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, புதிய இடத்தில் வைத்துக் கோயில் எழுப்புவது தமிழ்நாட்டுக் கிராம வழக்கம். இப்படி எழுந்த கோயிலிலே இருக்கும் அம்மன் ஊரிலிருக்கும் அம்மனின் பிரதியா, அல்லது அவளேதானா? பிரதி என்றால் இருவர்; ஒருத்திக்கு மாலை சாத்தினால் மற்றவளுக்குச் சாத்தினதாகாது. அவளேதான் என்றால் ஒருத்திக்கு இரண்டு முகவரி. கணிப்பொறியில் இவ்விரண்டும் வேறு வேறு செயல்கள்: கோப்பை நகலெடுப்பது ஒன்று, வேறோர் இடத்தில் பெயரை மட்டும் வைத்து, அப்பெயரைத் தொட்டவரை மூலத்துக்கே கொண்டுபோகும் இணைப்பை ஏற்படுத்துவது மற்றொன்று. பிடிமண்ணை இணைப்பு என்றே கொள்ளுவேன். நகல் என்று கொண்டவர் எவரும் அவ்வளவு தூரம் மண்ணைச் சுமந்திருக்கமாட்டார்.

இணைப்பு என்று வந்த உடனே வேதாந்திக்கும் பக்தனுக்கும் உள்ள வழக்கும் வந்துவிடுகிறது. இணைப்புகளையெல்லாம் அவிழ்த்து மெய்ப்பாதை எதுவென்று கண்டுபிடிக்கும் செயற்கூறு எல்லாத் தளங்களிலும் உண்டு. அதைப் பயன்படுத்தாவிட்டால் ஒரே கோப்பை இரண்டென்று எண்ணிக் கருவி இருமுறை வேலை செய்யும். இணைப்பே இல்லாத இடத்திலும் இந்த மயக்கம் உண்டு; நிரல் திருத்தும் செயலிகளும் மொழிச் சேவையகங்களும் பேசிக்கொள்ளும் பொது நெறியில், வட்டெழுத்தின் பின்வரும் முக்காற்புள்ளியை ஒருவர் அப்படியே எழுத, மற்றவர் விழுக்காட்டுக் குறியாக்கி எழுதினால் ஒரே கோப்பு இரண்டாகத் தோன்றும் என்று எச்சரித்தே வைத்திருக்கிறார்கள். ஆகவே எல்லாவற்றையும் மெய்ப்பாதையாக்கிவிடுவதே அறிவு என்று என் மருமகன் முதலில் கொண்டிருந்தான். நாமரூபத்தை நீக்கிப் பார்க்கும் அத்வைதியின் திடம் அவனுக்கு அப்போது இருந்தது.

அத்திடம் குலைந்தது பயனாளர் ஒருவரின் முறையீட்டால். மேக் கணிப்பொறியில் தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ அடைவு வேரின் கீழேயே இருப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் ‘பிரைவேட்’ என்னும் வேறோர் அடைவுக்குள் இருப்பதைச் சுட்டும் இணைப்பே அது. பயனாளர் தமக்குத் தெரிந்த பாதையைக் கொடுத்தார். கருவியோ பிழைச் செய்தியில் மெய்ப்பாதையை அச்சிட்டது. நான் இந்த இடத்துக்குப் போகவே இல்லையே, உங்கள் கருவி எங்கே மேய்கிறது என்று அவர் எழுதிவிட்டார். “பரமார்த்தத்தைச் சொன்னதற்கா மாமா இவ்வளவு கோபம்?” என்றான். குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி அழைக்கிறவளிடம் பராசக்தி என்று திருத்திப் பார், அவளுக்கும் கோபம் வரும் என்றேன். அதன்பின் கருவியை மாற்றி எழுதினான். ஒன்றா இரண்டா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் உள்ளே மெய்ப்பாதையில் நடக்கும். வெளியே பேசும்போது, வந்தவர் எப்பெயரைச் சொல்லி வந்தாரோ அப்பெயராலேயே பேசும். பாதையை எழுத்துச் சரமாக வைத்துக்கொள்ளாமல், எந்த வேரிலிருந்து யார் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சுமக்கும் பொருளாக வைத்துக்கொண்டபோதுதான் இது சாத்தியமாயிற்று என்று அவன் சொன்னது எனக்கு முழுதும் விளங்கியது. சங்கல்பமும் அப்படித்தானே?

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. இரண்டு பெயர்கள் வழியாக ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திறந்தால், தலைப்பில் எப்பெயரைக் காட்டுவது? முதலில் வந்தவர் பெயரே நிற்கும், இரண்டாமவருக்கு ஓர் அறிவிப்பு போகும் என்று அவன் முடிவு கட்டியிருக்கிறான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பின்னால் வந்தவரும் தம் பாதையைச் சொல்லித்தான் வந்தார். காலதாமதம் ஒன்றைத் தவிர அவர் பெயர் எவ்விதத்தில் தாழ்ந்தது என்பதற்கு அவன் இதுவரை விடை சொல்லவில்லை. அடுத்த பதிப்பு வெளிவருவதற்குள் பேசித் தீர்ப்பதாக இருக்கிறோம்.